ஈஸ்வரி எங்கும் அடைக்கலம் புகவில்லை

எல்.ஆர். ஈஸ்வரியைப் பற்றி யார் எழுதினாலும், எந்த மேடையில் பேசினாலும் ஒரே கதையைத்தான் கேட்கிறோம். அறுபதுகளிலும் எழுபதுகளின் முற்பாதியிலும் திரையில் கொடிகட்டிப் பறந்தார். பிறகு காலம் மாறியது. புதிய இசையமைப்பாளர்களும் புதிய குரல்களும் வந்தார்கள். கிளப் டான்ஸ் பாட்டுக்கு முன்பிருந்த இடம் இல்லாமல் போயிற்று. வேறு வழியின்றி அம்மன் பாட்டில் அடைக்கலம் புகுந்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பலர் அவருடைய ரசிகர்கள். அனுதாபத்தோடுதான் சொல்கிறார்கள். ‘காதோடுதான் நான் பாடுவேன்’ பாடிய குரலைக் கடைசியில் குழாய் ஸ்பீக்கரில் அலறவிட்டார்களே என்று வருந்துகிறார்கள்.

இந்த வருத்தத்தை நான் ஏற்கவில்லை. ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், அவருடைய திரைவாழ்வு முடிந்தபின் ஒட்டவைத்த பின்னிணைப்பு அல்ல. அவர் அதுவரை கற்றிருந்த வித்தை முழுவதும் போய்ச் சேர்ந்த இடம் அது. சினிமாவில் அவருக்குக் கிடைக்காத அளவு பெரிய அரங்கு அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. காவிரிப் படுகையில் எங்கள் நன்னிலம் வட்டாரத்தில் வயல்காட்டு ஊர் எதிலாவது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றைக் கழித்தவர்களுக்கு இதை நிரூபிக்க வேண்டிய தேவை இருக்காது. ஆனால் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அங்கே வருவதில்லை. அதனால் விளக்கமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உண்மையை உண்மையென்று ஒப்புக்கொள்வோம். 1970களின் பிற்பாதியில் அவருக்குத் திரை வாய்ப்புகள் குறைந்தன. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபின் தமிழ்த் திரையிசையின் ஓசையே மாறியது. இதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒரு கலைஞர் எந்தச் சூழலில் ஒரு வேலையை ஏற்றார் என்பது ஒன்று. அந்த வேலை எப்படிப்பட்டது என்பது வேறொன்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைத் தீர்ப்பாக எழுதிவிடுகிறார்கள். வாய்ப்புக் குறைந்தபோது பாடியது ஆகையால் தரமும் குறைந்தது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பாட்டையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு அடைந்த முடிவு அல்ல இது. ஈஸ்வரியின் பெயரால் வழங்கும் ‘கற்பூர நாயகியே’, ‘செல்லாத்தா’ ஆகிய இரண்டையும் ஒலிபெருக்கியின் இரைச்சலை நீக்கிவிட்டு, நல்ல கருவியில் ஒருமுறை கேட்டாலே போதும். அந்தக் குரலில் தளர்ச்சியும் இல்லை, ஏனோதானோ என்ற அலட்சியமும் இல்லை. ஒலிப்பதிவு அறையில் ஆண்டுக்கணக்காக நின்று பழகிய ஒருவர், தான் என்ன செய்கிறோம் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு பாடியிருக்கிறார்.

அவர் என்ன கற்றிருந்தார்? 1939-ல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் நிர்மலா ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடியவர். தாயோடு ஒலிப்பதிவுக்குப் போய்ப் போய்த் தானும் கோரஸ் பாடகியானவர் ஈஸ்வரி. 1958-ல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் தனிப்பாட்டுத் தந்தார். 1961-ல் ‘பாசமலர்’ படத்தின் ‘வாராயென் தோழி வாராயோ’ அவரைத் தமிழ்நாட்டின் எல்லாக் கல்யாண வீடுகளுக்கும் கொண்டுபோனது. குருவிடம் அமர்ந்து முறையாகக் கர்நாடக இசை பயின்றவர் அல்ல. இதைக் குறையாகச் சொல்கிறார்கள். கோரஸ் பாடுவது எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. ஒரே மைக்கைச் சுற்றிப் பலர் நிற்க வேண்டும். பக்கத்திலிருப்பவரின் மூச்சைக் கேட்டுத் தன் மூச்சை எடுக்க வேண்டும். தலைவரி முடிந்த கணத்தில் தப்பாமல் நுழைய வேண்டும். தன் குரல் தனியாகத் தெரியக்கூடாது, ஆனால் இல்லாமலும் போகக்கூடாது. கூட்டம் ஒன்று எந்த இடத்தில் சேர்ந்து பாடும், எந்த இடத்தில் தடுமாறும் என்பது கோரஸில் நின்றவருக்குத்தான் உடம்போடு தெரியும். பின்னாளில் ஊரே திருப்பிப் பாடக்கூடிய பாட்டைப் பாடப்போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை.

அடுத்து மைக். எம்.எஸ். விஸ்வநாதனும் மற்ற இசையமைப்பாளர்களும் அவருக்குக் கொடுத்த பாட்டுகளை வெறும் ‘கவர்ச்சிப் பாட்டு’ என்று ஒதுக்கிவிடுவது நம் சோம்பல். 1969-ல் வந்த ‘சிவந்த மண்’ படத்தின் ‘பட்டத்து ராணி’யைக் கேளுங்கள். சாட்டை சொடுக்கும் ஓசைக்கு நடுவே குரல் வலியில் துடிக்க வேண்டும், சுருதி விலகக்கூடாது, ஆட்டத்தின் வேகமும் தளரக்கூடாது. மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிறார். ‘பணமா பாசமா’வின் எலந்தப்பழப் பாட்டில் தெருவில் கூவி விற்பவளின் தொண்டையை அப்படியே எடுத்து வருகிறார். ‘காதோடுதான் நான் பாடுவேன்’ 1972-ல் ‘வெள்ளி விழா’ படத்துக்காக வி. குமார் இசையில் பாடியது. அதில் குரல் உதட்டைத் தாண்டி வருகிறதா என்றே சந்தேகம் வரும். அத்தனை மென்மை. பெருமூச்சு, சிரிப்பு, விம்மல், கொஞ்சல், மிரட்டல் என்று பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட எல்லா ஓசைகளையும் இசைக்குள் கொண்டுவந்தவர் அவர். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையிலுள்ள வழுக்கலில்தான் அவருடைய அடையாளமே இருக்கிறது. மேலைநாட்டில் பாப் என்றும் சோல் என்றும் சொல்லப்படும் பாணிகளின் உயிரான நுட்பங்கள் இவை. தமிழில் இவற்றை அவரளவுக்குக் கையாண்ட பெண்குரல் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

இந்த நுட்பங்கள் எதுவும் அம்மன் பாட்டில் கைவிடப்படவில்லை. இதுதான் என் வாதத்தின் மையம். கிளப் பாட்டு எப்போதும் எதிரே இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பாடப்படுவது. நாயகன் மேசையருகே உட்கார்ந்திருக்கிறான். அவனை அழைக்கிறாள், சீண்டுகிறாள், கேள்வி கேட்கிறாள். எதிரிலிருப்பவரின் கண்ணை விட்டு அகலாத பாட்டு அது. ஈஸ்வரியின் அம்மன் பாட்டிலும் எதிரே ஒருத்தி இருக்கிறாள். தத்துவமாக இல்லை, ஒளியாக இல்லை, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ‘நீ’ என்று பேசுகிறார். கெஞ்சல் உண்டு; அதைவிட அதிகமாக உரிமை உண்டு. பெற்ற தாயிடம் ஒரு மகள், கொடுத்தே ஆக வேண்டும் என்று முந்தானையைப் பிடித்து இழுக்கும் உரிமை. பக்திப் பாடல் என்றால் குரலைத் தாழ்த்தி, கண்ணை மூடி, தன்னைக் குறுக்கிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் அவரிடம் இல்லை. கிளப் பாட்டு அவருக்குக் கொடுத்த கூச்சமின்மைதான் அம்மன் சந்நிதியில் அவரை நிமிர்ந்து நிற்க வைத்தது. அந்தக் குரலைக் கழுவிச் சுத்தம் செய்துவிட்டுக் கோயிலுக்குள் கொண்டுவந்தார் என்று நினைப்பவர்கள் பாட்டைக் கேட்கவே இல்லை.

குழாய் ஸ்பீக்கரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் குரலின் மேல் சொல்லப்படும் பழியில் பாதி அந்தக் கருவியின் மேல் உள்ள கோபம். கூம்பு வடிவ ஒலிபெருக்கி எல்லா ஓசையையும் கொண்டுபோவதில்லை. அடித்தளத்தின் கனமும் உச்சத்தின் மினுமினுப்பும் அதில் தங்காது. நடுவரிசை ஓசைகள் மட்டுமே கூர்மையாகி வெகுதூரம் போகும். பேச்சுக்காக உண்டாக்கப்பட்ட கருவி அது. மிருதுவான குரல் அதில் பிசிறும். கமகம் நிறைந்த மெல்லிய சங்கதிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். வயலின் கூட்டம் இரைச்சலாகும். ஈஸ்வரியின் குரலின் பலமோ அந்த நடுவரிசையில்தான் இருக்கிறது. வல்லின எழுத்துகளை அவர் அடித்துச் சொல்கிறார். உயிரெழுத்துகளைத் திறந்து நீட்டுகிறார். வரிக்கு வரி இடைவெளி விடுகிறார். தெரு முனையில் புளியமரத்தில் கட்டிய குழாயிலிருந்து கிளம்பும் அவர் குரல், தண்ணீர் பாய்ந்து கிடக்கும் வயலைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும்போதும் ஒரு சொல்கூடச் சிதைவதில்லை. எங்கள் பக்கத்து மைக் செட்காரர்கள் இதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டைப் போட்டுத் தொடங்குவார்கள்; அதற்கடுத்து ஈஸ்வரி. இரண்டு குரல்களும் குழாய்க்குத் தாங்கும் என்று காது பழகிக் கண்டுபிடித்த வரிசை அது. எந்த இசை விமர்சகரும் செய்யாத ஆராய்ச்சியை அவர்கள் செய்துவிட்டார்கள்.

இரவு முழுக்க ஒலிபெருக்கி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. படிக்கிற பிள்ளைகளும் நோயாளிகளும் படும் பாட்டை அறிவேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. அந்தத் தடை வேண்டியதுதான். ஆனால் சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது செட்டின் குமிழைத் திருகும் கை. பாடியவரின் கலையை அதற்குப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. திருவிழாவில் நாகஸ்வரத்தைக் குழாயில் போட்டாலும் காது வலிக்கத்தான் செய்யும். அதற்காக நாகஸ்வரத்தை யாரும் இரைச்சல் என்று எழுதுவதில்லை.

அடுத்த கேள்வி, அந்த அம்மனுக்கு எப்படிப்பட்ட பாட்டு வேண்டும் என்பது. இதைக் காவிரிக் கரையில் நின்றுதான் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து வலங்கைமானில், பங்குனி மாதத்தில் மகாமாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுக்கிறார்கள். சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் நேர்ந்துகொண்டு செய்வது. உயிரோடிருக்கும் ஆளைப் பச்சை மூங்கில் பாடையில் கிடத்தி, நெற்றியில் காசு வைத்து, பிணத்துக்குச் செய்வதையெல்லாம் செய்து, உறவினர் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். சந்நிதியில் தீர்த்தம் தெளித்ததும் எழுந்து உட்காருகிறார். இந்தத் தாய் வைசூரி காலத்திலிருந்து வந்தவள். ஒரே வாரத்தில் வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கும்பிட்டவள். அவளிடம் போகிறவருக்கு நிதானம் இருக்காது. இருக்க வேண்டும் என்று கேட்கவும் யாருக்கும் உரிமையில்லை. பம்பையும் உடுக்கையும் குலவையும் அங்கே அலங்காரத்துக்காக இல்லை. பயத்தைத் தாங்குவதற்கு மனிதர் கண்டுபிடித்த ஓசைகள் அவை. அந்த ஓசைகளோடு ஈடுகொடுத்து நிற்கக்கூடிய பெண்குரல் ஒன்று இசைத்தட்டில் வேண்டியிருந்தது. இனிமையான குரல்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ஆனால் அழுகையும் அதட்டலும் ஒரே தொண்டையில் வரக்கூடிய குரல் ஈஸ்வரியிடம்தான் இருந்தது.

இதைச் சொன்னால், அப்படியானால் நாட்டுப்புறத்துக்கு ஈஸ்வரி, கற்றவர்களுக்குக் கர்நாடகம் என்று பங்கு பிரித்துத் தந்து விவாதத்தை முடித்துவிடப் பார்க்கிறார்கள். அந்தப் பங்கீட்டையும் நான் ஏற்கவில்லை. நன்னிலத்துக்குத் தெற்கே திருவாரூரில் கமலாம்பாள் இருக்கிறாள். அவள்மேல் முத்துசுவாமி தீட்சிதர் நவாவரண கீர்த்தனைகளைப் பாடினார். அம்மனைப் பற்றிய இசையில் அதற்கு மேலான சிகரம் இல்லை. நன்னிலம் வட்டத்துக்குள்ளேயே திருமீயச்சூரில் லலிதாம்பிகை; சகஸ்ரநாமத்தின் மரபு வழங்கும் இடம். இதே மண்ணில், அதே குடும்பங்கள், நவராத்திரிக்கு அங்கே போய் உட்கார்ந்து கேட்கின்றன. ஆடியில் தெருக்கோடி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகின்றன. ஒரே காதில் இரண்டும் விழுகின்றன. கேட்பவருக்கு இல்லாத வேலியை எழுதுகிறவர்கள் ஏன் போடுகிறார்கள்?

மெட்டு சினிமாத்தனமாக இருக்கிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. தீட்சிதரையே துணைக்கு அழைக்கிறேன். சென்னைக்கு அருகே மணலியில் இருந்த இளவயதில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மேலைநாட்டு மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு வடமொழியில் தெய்வப் பாடல்கள் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்யங்கள் என்று இன்றும் பாடப்படுகின்றன. பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் மெட்டில்கூட ஒன்று இருக்கிறது. சிப்பாய்களின் அணிவகுப்புக்கும் விருந்துக்கும் வாசித்த மெட்டுகளை அம்பாளுக்கு ஆக்கியதால் தீட்சிதரின் பெருமை குறையவில்லை. கிளப் பாட்டின் தாளத்தையும் வழுக்கலையும் மாரியம்மனுக்குக் கொண்டுவந்ததால் ஈஸ்வரியின் பெருமை எப்படிக் குறையும்? அவருடைய அம்மன் இசைத்தட்டுகளுக்கு இசையமைத்தவர்களில் குன்னக்குடி வைத்தியநாதன் இருக்கிறார். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையை நடத்தும் சபையின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். எது உயர்ந்தது, எது இறங்கியது என்று அவருக்குத் தெரியாமல் போயிருக்காது.

கோபாலகிருஷ்ண பாரதியின் கதையையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நன்னிலம் வட்டத்தைச் சேர்ந்த முடிகொண்டானில் இளமையைக் கழித்ததால் முடிகொண்டான் பாரதி என்றே அழைக்கப்பட்டவர். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ எழுதி, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டுப் போனார். பிள்ளையவர்களுக்கு அதன் தமிழில் இலக்கணப் பிழைகள் உறுத்தின. தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். பாரதியும் விடாமல் போய்க்கொண்டே இருந்தார். ஒருநாள் பகலில் பிள்ளையவர்கள் படுத்திருந்தபோது பாரதி திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டைத் தானே பாடினார். உள்ளேயிருந்து கேட்ட மகாவித்துவான் உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஏட்டில் பார்த்தபோது கண்ணில் பட்டது பிழை. பாட்டாகக் கேட்டபோது காதில் விழுந்தது நந்தனின் தவிப்பு. பாடப்படுவதற்காக உண்டானதைப் பாட்டாகவே கேட்க வேண்டும் என்ற பாடத்தை இந்த மண் தமிழின் மிகப் பெரிய புலவருக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறது. அம்மன் பாட்டின் சொற்களை அச்சில் வைத்துப் பார்த்து, எளிமையான அடுக்குத்தொடர்கள்தானே என்று சொல்கிறவர்கள் அந்தத் திண்ணைக்குப் போக வேண்டும்.

இன்னொரு பார்வை உண்டு. அது புகழ்ச்சி வேடத்தில் வருவதால் அதிகக் கெடுதல் செய்கிறது. கவர்ச்சிப் பாட்டுப் பாடியவர் மனம் திரும்பினார், பாவத்தைக் கழுவினார் என்ற பார்வை. எந்தப் பாவத்தை? ‘முத்துக்குளிக்க வாரீகளா’ பாடியது பாவமா? அந்தப் பாட்டில் அவரோடு சேர்ந்து பாடிய டி.எம். சௌந்தரராஜன் முருகன் பாட்டுகளால் கோடிப் பேர் மனத்தில் நின்றார். அவர் பிராயச்சித்தம் தேடினார் என்று ஒருவரும் எழுதவில்லை. காதல் பாட்டும் குடிகாரன் பாட்டும் பாடிய அதே குரல் முருகனையும் பாடியபோது, எல்லாம் பாட வல்லவர் என்றார்கள். கே.ஜே. யேசுதாஸ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பாடிய ‘ஹரிவராசனம்’ சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கிறது. அதை மத நல்லிணக்கத்தின் அடையாளம் என்றும் இசையின் பெருமை என்றும் கொண்டாடுகிறோம், சரியாகவே கொண்டாடுகிறோம். ஈஸ்வரியும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்தான். அவர் குரல் தமிழ்நாட்டின் எத்தனையோ அம்மன் கோயில்களில் ஒலிக்கிறது. அவருக்கு மட்டும் ‘வாய்ப்பில்லாமல் போனவர்’, ‘மனம் திரும்பியவர்’ என்ற இரண்டு பட்டங்களில் ஒன்றைத்தான் தருகிறோம். ஆண் பாடினால் அது விரிவு. பெண், அதிலும் கிளப் பாட்டுப் பாடிய பெண், பாடினால் அது ஒதுங்கல். இந்த அளவுகோல் இசையிலிருந்து வரவில்லை. திரையில் ஆடிய பெண்ணின் மேல் இருந்த ஏளனத்தை, திரைக்குப் பின்னால் நின்று பாடியவர் மேல் கொட்டுகிறோம்.

காவிரிப் படுகையில் வேளாங்கண்ணியும் நாகூரும் திருவாரூரும் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நேர்ச்சைக்கு எந்த வாசலுக்கும் போகிறவர்கள் இங்கே உண்டு. லூர்து மேரி ராஜேஸ்வரி என்று பெயர் வைக்கப்பட்ட ஒருவர் மாரியம்மனைப் பாடுவதில் எங்கள் ஊர்ப் பெண்கள் யாருக்கும் வியப்பு ஏற்பட்டு நான் பார்த்ததில்லை. ஆத்தாளைக் கூப்பிடத் தெரிந்தவள் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான்.

கடலுக்கு அப்பாலும் ஒருமுறை பார்க்கலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை எப்படிப் பிறந்தது? தேவாலயத்தில் பாடிய பாட்டின் மெட்டையும் ஆவேசத்தையும் எடுத்து ரே சார்லஸ் 1954-ல் காதல் பாட்டாக்கினார். பக்தர்கள் சிலர் கொதித்தார்கள். ஆனால் அந்தக் கலப்பிலிருந்துதான் ஒரு முழு இசை மரபு எழுந்தது. அரேதா ஃபிராங்க்ளின் பாதிரியாரின் மகள். டெட்ராய்ட் தேவாலயத்தில் பாடி வளர்ந்து, பாப் உலகின் உச்சிக்குப் போனார். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடி ‘அமேசிங் கிரேஸ்’ என்ற தொகுப்பைப் பதிவு செய்தார். அவர் வாழ்நாளில் அதிகம் விற்ற தொகுப்பு அதுதான். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை அவருடைய மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்றாக வைக்கிறார்கள். காதல் பாட்டில் பழகிய மூச்சும் விம்மலும் ஜெபத்துக்குள் வந்தபோது ஜெபம் தரம் தாழவில்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஈஸ்வரி எதிர்த்திசையில் நடந்தார். கோயிலிலிருந்து களியாட்ட அரங்குக்குப் போகவில்லை. களியாட்ட அரங்கின் மைக்கிலிருந்து கோயிலுக்கு வந்தார். இருவரும் சொல்வது ஒன்றுதான்: ஏங்குகிற குரல் ஒன்றே, ஏக்கம் எதன்மேல் என்பதுதான் மாறுகிறது. அரேதாவைக் கேட்டுக் கண்கலங்கும் நம் நகரத்து இசை ரசிகர், ஆடி மாதத்தில் ஈஸ்வரி குரல் கேட்டதும் ஜன்னலைச் சாத்துகிறார். அவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

வணிகம் என்பார்கள். கேசட் வியாபாரத்துக்காக உண்டான பாட்டு என்பார்கள். இசைத்தட்டும் வணிகம்தான், சினிமா அதைவிடப் பெரிய வணிகம். ஒலிநாடா வந்தபோது வேறொன்று நடந்தது. அதுவரை இந்தப் படுகையில் என்ன பாட்டுக் கேட்பது என்பதைப் பெரும்பாலும் 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்து அதிகாரிகளும் ஊர்க் கொட்டகையில் ஓடிய படமும் தீர்மானித்தன. கேசட் மலிவானதும் அந்த முடிவு ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. திருவிழாக் கமிட்டி காசு போட்டு வாங்கியது; டிராக்டர் ஓட்டுபவர் வாங்கினார்; டீக்கடைக்காரர் வாங்கினார். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும் மாதத்தில், நாற்றுப் பறிக்கும் பெண்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று கரையில் செட் வைத்த இடங்கள் உண்டு. அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ அம்மன் கேசட் பாடினார்கள். வந்த சுவடு தெரியாமல் போனவை ஏராளம். ஈஸ்வரியின் பாட்டு நின்றது. கேசட் போய், சி.டி. வந்து, அதுவும் போய், இன்று பென்டிரைவிலும் கைபேசியிலும் அதே பாட்டு ஓடுகிறது. வணிகம் ஒரு பாட்டை ஒரு பருவம் விற்கலாம். தலைமுறை தாண்டி நிற்க வைக்க அதனால் முடியாது.

அடைக்கலம் புகுந்தார் என்று நிலைத்துவிட்ட அந்தக் கதையால் நேர்ந்த சேதம் ஒன்று உண்டு. திரைப்பாடல் ஆர்வலர்கள் படத்தின் பெயர், ஆண்டு, இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று ஒன்றுவிடாமல் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குத் தமிழ்நாடு கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கவனத்தில் ஒரு பங்குகூட அம்மன் இசைத்தட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. பாட்டெழுதிய கவிஞர், ஒலிப்பதிவு செய்தவர், பம்பையும் உடுக்கையும் வாசித்த கலைஞர்கள் எல்லோரும் ‘பக்திப் பாடல்கள்’ என்ற ஒரே தலைப்புக்குள் மறைந்துபோகிறார்கள். ஈஸ்வரியைப் பற்றி எழுதும் கட்டுரைகள் நூறு சினிமாப் பாட்டை வரிசைப்படுத்திவிட்டுக் கடைசிப் பத்தியில் ‘அம்மன் பாடல்களும் பாடியுள்ளார்’ என்று முடித்துக்கொள்கின்றன. அவர் குரலை அறிந்தவர்களில் பெரும்பகுதியினர் அவரை அறிந்தது அந்தக் கடைசிப் பத்தியின் வழியாகத்தான்.

2011-ல் ‘ஒஸ்தி’ படத்தில் தமன் இசையில் ‘கலசலா’ பாடியபோது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். ‘மீண்டு வந்தார்’ என்று எழுதினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வோர் ஆடியிலும் ஊர் ஊராகக் கேட்கப்பட்டவர் எங்கிருந்து மீண்டு வர வேண்டும்? 2020-ல் ‘மூக்குத்தி அம்மன்’ என்று அம்மன் பேரிலேயே ஒரு படம் எடுத்தார்கள். அம்மனுக்கு ஒரு குத்துப் பாட்டு வேண்டியிருந்தது. இசையமைப்பாளர் கிரிஷ் கோபாலகிருஷ்ணன் புதிய குரல் எதையும் தேடவில்லை. எண்பது வயது ஈஸ்வரியிடம் போனார். அவரும் ‘ஆடிக் குத்து’ பாடிக் கொடுத்தார். அம்மன் படத்துக்கு நம்பகம் வேண்டுமென்றால் அந்தக் குரல் வேண்டும் என்று இந்தத் தலைமுறைச் சினிமாவுக்கே தெரிந்திருக்கிறது. அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் இனியாவது மாரியம்மன் இசைத்தட்டுகளை முதல் பத்தியிலிருந்தே பேசட்டும்.